வனம் போக வழியில்லாதவர்கள்

தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரப்பிள்ளையின் முகமும் பார்த்தாயிற்று என்றால் இல்லறத்தான் வனம் புகலாம் என்கிறது மனுநூல். வானப்பிரஸ்தம் என்னும் மூன்றாம் ஆசிரமத்துக்கு அதுதான் வாசல். அதிலும் இருபிறப்பாளருக்கு மட்டுமே அனுமதி. நான்காம் வருணத்தாருக்கு அந்த ஆசிரமமே கிடையாது.

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் பலருக்கு இந்த மூன்று அடையாளங்களும் எப்போதோ வந்துவிட்டன. நரையை மறைக்கச் சாயம் பூசி, வயதில் நாலைந்தைக் குறைத்துச் சொல்லி வேலைக்குச் சேர்பவர்களும் அவர்களில் உண்டு. பன்னிரண்டு மணி நேர டூட்டி. வரும் வண்டிகளின் எண்ணை நோட்டில் எழுத வேண்டும்; மோட்டார் போட்டு, தொட்டி நிரம்பியதும் அணைக்க வேண்டும்; கூரியர் பையன் கொடுத்த பொட்டலத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ரிலீவர் வராத நாளில் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் அடுத்த டூட்டியும் ஓடும். பக்கத்தில் தொங்கும் மஞ்சள் பையில் சாப்பாட்டு டப்பாவும் சர்க்கரை மாத்திரையும்.

“இந்த வயசிலும் என்ன உழைப்பு!” என்று வியக்கிறோம். கர்மயோகி என்றுகூடச் சிலர் புகழ்வார்கள். கீதை சொல்லும் கர்மயோகம் பலனில் பற்று வைக்காத செயல். மாதம் பிறந்ததும் சம்பளம் வந்தால்தான் மாத்திரை வாங்க முடியும் என்றிருப்பவரிடம் பலனை எதிர்பார்க்காதே என்று சொல்வது கொடுமை. வேலையை விட்டுவிட முடியும் என்ற நிலையில் இருந்துகொண்டு ஒருவர் உழைத்தால் அது தவம். விட்டால் அடுப்பு எரியாது என்பதற்காக உழைத்தால் அது நிர்ப்பந்தம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

அப்படியானால் முதுமையின் ஓய்வு என்பது அவரவர் சேமித்து வாங்கிக்கொள்ள வேண்டிய பண்டமா, சமூகம் திருப்பித் தர வேண்டிய கடனா?

பழைய சமய நூல்கள் சில இதற்குத் தயங்காமல் பதில் சொல்லியிருக்கின்றன. விவிலியத்தின் எண்ணாகமம், ஆசரிப்புக் கூடாரம் என்னும் வழிபாட்டுக் கூடாரத்தில் பணி செய்த லேவியர் குலத்தாருக்கு 50 வயதோடு வேலையை நிறுத்துகிறது. அதற்குமேல் சகோதரருக்குத் துணையாகக் காவல் காக்கலாம். பணிவிடை செய்ய வேண்டியதில்லை. லேவியரின் வயிற்றுப்பாட்டுக்கு மக்கள் தந்த தசமபாகம், அதாவது பத்திலொரு பங்கு, இருந்தது. திமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம், சபை ஆதரிப்பவர்களின் பட்டியலில் சேர்க்கும் விதவைக்கு 60 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது.

கலீஃபா உமர் பற்றி இன்னும் கூர்மையான செய்தி ஒன்றுண்டு. எட்டாம் நூற்றாண்டு நீதிபதி அபூ யூசுஃப் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். வாசலில் பிச்சை கேட்டு நின்ற பார்வையற்ற யூத முதியவரை உமர் விசாரிக்கிறார். வரியும் வறுமையும் வயதும்தான் காரணம் என்கிறார் முதியவர். உமர் அவரை வீட்டுக்கு அழைத்துப்போய்க் கையிலிருந்ததைக் கொடுக்கிறார். பிறகு கருவூல அதிகாரியைக் கூப்பிட்டு, இளமையை நாம் தின்றுவிட்டு முதுமையில் கைவிடுவது நியாயமல்ல என்று சொல்லி, அந்த முதியவரைப் போன்றவர்களின் வரியை நீக்குகிறார். உமர் கொடுத்த காசைவிட முக்கியமானது, கருவூலத்தைப் பொறுப்பாக்கியது. ஒருவருடைய இரக்கம் அங்கே அரசின் கடமையாகிறது.

இந்திய அரசியலமைப்பின் 41ஆம் பிரிவும் முதுமையில் பொது உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது. ஆனால் அது வழிகாட்டு நெறிகளில் ஒன்று. அதை வைத்து நீதிமன்றத்தில் கேட்க முடியாது. 2011 கணக்கெடுப்பில் 60 வயது கடந்தவர்கள் 10 கோடிக்கு மேல். நாட்டில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் அமைப்புசாராத் தொழிலில் இருப்பதால், ஓய்வு பெறும் நாள் என்ற ஒன்றே அவர்களுடைய காலண்டரில் இல்லை. வருங்கால வைப்புநிதியில் இருந்தவர்களுக்கும் 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய்தான். தமிழ்நாட்டில் ஓ.ஏ.பி. பணம் என்று ஊர் சொல்லும் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ஆனது. நாளுக்கு 40 ரூபாய்.

பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் தினக்கூலிக்குப் போகும் மகனிடம் சட்டம் எதைப் பிடுங்கும்? நூறு நாள் வேலைக்கு வயது உச்சவரம்பு இல்லாததால் எழுபது கடந்த பாட்டிகளும் மண்வெட்டியோடு வரிசையில் நின்றார்கள். அவர்களை அங்கே நிறுத்தியதில் பிள்ளையின் பாசக்குறையைவிட வீட்டு வரவு செலவுக்குப் பங்கு அதிகம்.

முதியோர் ஓய்வூதியத்தில் 80 வயதுக்குட்பட்டவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு 2007இல் மாதம் 200 ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அதே 200தான். அதை உயர்த்தச் சொல்லி ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் கேளுங்கள். அதுவரை, உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் லிஃப்டுக்கு வண்ணம் அடிப்பதைப் பேசுவதற்கு முன், காவலுக்கு இருக்கும் பெரியவரின் வார விடுமுறையையும் சம்பளத்தையும் முதலில் பேசுங்கள்.