உலையில் போடாத ஒரு பிடி

அரிசி களையும் முன் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துக் கலயத்தில் போட்டு வைப்பது விருதுநகர் வீடுகளில் ஒரு காலத்தில் பெண்களின் வழக்கம். அந்த அரிசி போய்ச் சேர்ந்த இடம் கோயில் மடப்பள்ளி அல்ல, பள்ளிக்கூடம். 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை கட்டணம் கேட்காமல் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது இப்படிச் சேர்ந்த பிடி அரிசியாலும் வணிகர்கள் கொடுத்த மகமையாலும்தான்.

குடும்பம் எதற்காக? பிள்ளைகளைப் பெற்று, சொத்துச் சேர்த்து, பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதற்கு மட்டுமா?

இல்லறத்தானின் கடமைகளை அடுக்கிய வள்ளுவர், மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் என்று வரிசையாகச் சொல்லித் தன்னைக் கடைசியில் நிறுத்தினார். இஸ்லாம் வசதியுள்ளவர்மேல் ஜகாத்தைக் கடமையாக்கியது. தென்மாவட்டத் தேவாலயங்களில் பெண்கள் கைப்பிடி அரிசியைக் காணிக்கையாகச் சேர்த்தார்கள். வீடு நிறைவது வெளியே கொடுப்பதில்தான் என்பதில் இவர்களுக்குள் வேறுபாடு இல்லை. யாருக்குக் கொடுப்பது, சுற்றம் எதுவரை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அந்தச் சிக்கலை விருதுநகர் வட்டாரம் தன் வரலாறாகவே வாழ்ந்து பார்த்திருக்கிறது. தெற்கேயிருந்து வணிகம் செய்ய வந்து சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் குடியேறிய நாடார்கள், வண்டியும் சரக்கும் தங்கப் பேட்டைகள் கட்டினார்கள். கைமாறும் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்தார்கள். அதை நிர்வகித்த அமைப்புக்குச் சங்கம், சபை என்றெல்லாம் பெயர் வைக்காமல் ‘உறவின்முறை’ என்று வைத்தார்கள். பொதுப்பணத்தைக் காப்பவர்கள் ஒருவருக்கொருவர் உறவு என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நாடார் வரலாற்று நூலில் இந்த அமைப்பு முக்கிய இடம் பெற்றது.

உறவு என்ற சொல்லை இவர்கள் இவ்வளவு இறுகப் பற்றியதற்குப் பின்னால் ஒரு காயம் உண்டு. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்த நாடார்கள்மீது வழக்குப் போடப்பட்டது. 1899-இல் கோயில் நுழைவுப் பிரச்சினையை ஒட்டிச் சிவகாசி கொள்ளையிலும் தீயிலும் சிக்கியது. 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் கமுதி வழக்கில் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ‘சாமி முன்னால் நீ எங்களோடு சேர்ந்தவன் அல்ல’ என்று தள்ளப்பட்டவர்கள், தங்களுக்குள் ஒரு பெருங்குடும்பத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

அந்தக் குடும்பத்துக்கும் எல்லை இருந்தது. கட்டுப்பாட்டை மீறியவருக்கு அபராதம் உண்டு, ஒதுக்கி வைப்பதும் உண்டு. அணைத்த கையே விலக்கவும் செய்தது என்பதை மறைத்துவிட்டு உறவின்முறையைப் புகழ்வது நேர்மையாகாது.

எல்லையைத் தாண்டியது சத்திரிய வித்யாசாலையில் படித்த ஒரு பையன். ஆறு வயதில் தகப்பனை இழந்து, படிப்பை நடுவில் விட்டவர் காமராஜர். மணம் செய்துகொள்ளவில்லை. முதலமைச்சரான பிறகும் தாயார் சிவகாமி அம்மையார் விருதுநகர் வீட்டிலேயே இருந்தார். 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தில் சாதி, ஊர் பார்க்காமல் ஏழைப் பிள்ளைகளின் தட்டில் சோறு விழுந்தது. தனக்கென்று குடும்பம் வைத்துக்கொள்ளாதவர், ஒரு தாய் செய்கிற வேலையை அரசாங்கத்தின் வேலையாக்கினார்.

சுற்றம் எதுவரை என்ற கேள்வி அதோடு முடியவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இறந்தவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள் அல்லர். முதல் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்கள். பார்க்க வந்தவர்களும் அவர்களில் உண்டு, தூக்க வந்தவர்களும் உண்டு. அடுத்த வெடிப்பு அவர்களை வாரிக்கொண்டது.

வெடி விபத்துகளில் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகள் இந்தக் கரிசல் கிராமங்களில் இன்றும் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களுக்கான ஒரு பிடியை யார் வீட்டுக் கலயம் எடுத்து வைத்திருக்கிறது?