ஜாடிக்கேத்த மூடி

நியூஜெர்சியிலிருந்து அத்தை மகன் போன் பண்ணினான். சொந்த ஊர் புளியங்குடி. இரண்டு நிமிஷம் குசலம் விசாரித்துவிட்டு, திடீரென்று குரலைத் தாழ்த்தி, ‘‘அத்தான், நாப்பது லிட்டர் பாத்திரத்துக்கு மூடி இல்லேன்னா நம்ம ஊர்ல என்ன செய்வாங்க?’’ என்றான்.

‘‘என்ன, பிரியாணியா?’’

‘‘இல்ல... பீர்.’’

வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறானாம். பயப்படாதீர்கள், அங்கே அது குற்றம் இல்லை. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் இருக்கிறது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீடு, வருஷத்துக்கு 200 காலன் வரை சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. அதே காரியத்தைப் புளியங்குடியில் செய்தால் போலீஸ் ஜீப் வரும். நம்மூரில் அரசாங்கக் கடையில் வாங்கலாம், அடுப்பில் வைக்கக் கூடாது. அந்த விவாதம் இன்னொரு வாரத்துக்கு.

பழைய பாத்திரம் ஒன்று சல்லிசாகக் கிடைத்ததாம், மூடி இல்லாமல். தனி மூடி வாங்க மனசு வரவில்லை (அத்தையின் ரத்தம்!). பீட்சா தட்டு சின்னதாகப் போனது. அலுமினியத் தாள் ஆவியில் தொங்கிவிட்டது. கடைசியில் பரணிலிருந்து கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் தாம்பாளத்தை இறக்கிக் கவிழ்த்திருக்கிறான். அளவெடுத்துச் செய்தமாதிரி உட்கார்ந்துவிட்டது! வெற்றிலை பாக்கு மாற்றிய தாம்பாளம். அத்தை இந்தப் பத்திரிகையைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாற்றை, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம்போலக் கொதிக்க விடவேண்டும். கொதி வரும்வரை மூடி வைத்தால் கேஸ் மிச்சம். கொதி வந்ததும் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் நுரை பொங்கி அடுப்பு நாறிவிடும். அதோடு, ஆவியோடு வெளியேற வேண்டிய ஒரு கந்தகச் சங்கதி மூடியில் பட்டு, நீராகி, திரும்ப உள்ளேயே சொட்டும். பீர் வேகவைத்த மக்காச்சோளம் மாதிரி மணக்கும். அடுப்பை அணைத்து ஆறவைக்கும்போது மறுபடி மூடவேண்டும், காற்றிலிருக்கும் கிருமி விழாமல். அப்புறம் ஈஸ்ட் போட்டு நொதிக்க வைக்கும் பாத்திரத்தை இறுக்கி மூடவே கூடாது. வாயு போக வழி இல்லாவிட்டால் வெடிக்கும்.

ஆக, மூடி என்பது மூடுவதற்கு மட்டும் இல்லை.

இதைக் கேட்டதும் எனக்கு அத்தையின் ஊறுகாய் ஜாடி ஞாபகத்துக்கு வந்தது. புளியங்குடியில் எலுமிச்சைக்குப் பஞ்சமா? பெரிய சந்தையே இருக்கிறது. அத்தை வீட்டு அடுக்களை மூலையில் இடுப்புயர பீங்கான் ஜாடி. அதன் சொந்த மூடி நான் பிறப்பதற்கு முன்பே உடைந்துவிட்டது. அத்தை வெள்ளைத் துணியால் வேடு கட்டி, மேலே ஒரு மரப்பலகையை வைத்துவிடுவார். தகரத்தட்டு எதுவும் ஆகாது. உப்பும் புளிப்பும் அரித்துவிடும். ‘‘ஜாடிக்கேத்த மூடி தேடிக்கிட்டு இருந்தா ஊறுகா கெட்டுப்போகும்யா’’ என்பார். கல்யாணத் தரகர் கேட்டால் தொழிலையே விட்டுவிடுவார்.

இந்தச் சமாளிக்கும் புத்தி நமக்குப் பெருமை. ‘ஜுகாட்’ என்று ஹிந்தியில் பெயர் வைத்து, மேனேஜ்மென்ட் ஆசாமிகள் புத்தகமே போட்டுவிட்டார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால், ‘இது போதும்’ என்பது எதுவரைக்கும் சிக்கனம், எங்கிருந்து தப்பு?

2014 ஏப்ரலில், புளியங்குடிக்குக் கிழக்கே, சங்கரன்கோவில் பக்கம் குத்தாலப்பேரி என்ற கிராமத்தில் மூன்று வயதுப் பையன் ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தான். மதுரைக்காரர் ஒருவர் வடிவமைத்த கருவியை இறக்கி உயிரோடு மீட்டார்கள். ஊரே அழுதது, சந்தோஷத்தில். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்தத் தீபாவளியை டி.வி. முன்னால் உட்கார்ந்து கழித்தோம், நினைவிருக்கும்.

நம் பக்கத்துக் காடு கழனிகளில் தண்ணீர் வராத போர்க்குழியை எப்படி மூடுவோம்? ஒரு சாக்கு, மேலே ஒரு கல். அல்லது குழாய் வாயில் ஒரு பிளாஸ்டிக் வாளி. இரும்புத் தகட்டைப் பற்றவையுங்கள், இல்லையென்றால் உறுதியான மூடி போட்டு போல்ட் நட்டால் முடுக்குங்கள், கைவிட்ட குழியை அடியிலிருந்து மண்ணும் கல்லும் கொட்டி நிரப்புங்கள் என்று சுப்ரீம் கோர்ட் 2010-லேயே சொல்லிவிட்டது.

தாம்பாளத்துக்கும் சாக்குக்கும் என்ன வித்தியாசம்? இரண்டுமே அப்போதைக்குக் கிடைத்ததுதான். தாம்பாளம் நழுவினால் அத்தை மகனின் பீர் புளிக்கும், அவன்தான் குடிக்கப் போகிறான். பலகை நகர்ந்தால் அத்தையின் ஊறுகாயில் பூஞ்சணம். தவிர, இரண்டு பேரும் பக்கத்திலேயே நிற்கிறார்கள். எந்த மூடி எவ்வளவு தாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். சாக்கைப் போட்டவர் போய்விடுகிறார். அதற்கப்புறம் அந்தச் சாக்கு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ‘இங்கே தரை இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டே கிடக்கிறது. திறந்த குழியைக் கண்டால் குழந்தைகூட எட்டி நின்று பார்க்கலாம், சாக்கைக் கண்டால் ஓடி வந்து மிதிக்கும். மூடி என்பது பாத்திரத்துக்குப் போடுவது மட்டுமல்ல, பக்கத்தில் வருகிறவனுக்குக் கொடுக்கிற வாக்கும்தான்.

இவ்வளவு வக்கணையாகப் பேசுகிறேனே, என் கதையைக் கேளுங்கள்.

எங்கள் ஃப்ளாட் வாசலில் தரைக்கடியில் தண்ணீர்த்தொட்டி. இரும்பு மூடி துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. நான் பி.காம். என்பதால் அசோசியேஷனில் என்னைப் பொருளாளர் ஆக்கியிருந்தார்கள். புது மூடிக்கு வெல்டிங் பட்டறையில் 4,500 ரூபாய் கேட்டார்கள். அந்த மாசம் லிஃப்ட் ரிப்பேர், பெயின்ட் பாக்கி. ‘‘இப்போதைக்கு ஒரு பிளைவுட் போடுங்க’’ என்றேன். செலவு மிச்சம், கணக்கும் டேலி ஆச்சு. கல்லூரியில் ‘கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி’ என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். நடந்தால்தான் கடன், நடக்காதவரை பேலன்ஸ் ஷீட்டில் வராது, அடிக்குறிப்பில் எழுதினால் போதும். நான் அடிக்குறிப்பிலும் எழுதவில்லை.

பிளைவுட் பதினோரு மாசம் கிடந்தது. முதல் வாரம் எல்லோரும் சுற்றிப் போனார்கள். அப்புறம் அதன் மேலேயே செருப்பைக் கழற்றி வைத்தார்கள். மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, ஓரம் பிரிந்துகொண்டிருந்ததை நானும் பார்த்தேன். ஒவ்வொரு மீட்டிங்கிலும் ‘அடுத்த மீட்டிங்’.

அத்தை மகன் போன் பண்ணிய ஞாயிற்றுக்கிழமை, பேசிக்கொண்டே பால்கனிக்கு வந்தேன். கீழே வாட்ச்மேனின் பேத்தி. ஏழு வயசு. சொரசொரப்பான சிமென்ட் தரையைவிட வழவழப்பாக இருந்ததால், பிளைவுட் மேலே சாக்பீஸால் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் காலில் தொம், தொம் என்று குதிக்கும் சத்தம் மூன்றாவது மாடிக்குக் கேட்டது. அடியில் எட்டடித் தண்ணீர்.

போனைக் கட் பண்ணினேனா, அப்படியே போட்டேனா, நினைவில்லை. படியில் எப்படி இறங்கினேன் என்றும் தெரியாது. கையைப் பிடித்து இழுத்தபோது அவள் பயந்து அழுதுவிட்டாள். அவள் தாத்தா ஓடி வந்து, ‘‘கட்டம் போட்டதுக்கு மன்னிச்சிருங்க சார், அழிச்சிடறேன்’’ என்றார்.

புதன்கிழமை புது மூடி வந்தது. கனமான இரும்பு, கீல், பூட்டு. இந்தத் தடவை 6,200 ரூபாய். ஏன் இவ்வளவு என்று மீட்டிங்கில் ஒருத்தர் கேட்டார். ரசீதை நீட்டினேன், பிளைவுட் கதையைச் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பெண் மூடியின் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் சாக்பீஸோடு என்னை முறைத்தாள்.

‘‘இதுல எழுதவே மாட்டேங்குது அங்கிள்’’ என்றாள்.