கார்ட்டூன் உலகின் மூன்றாம் பரிமாணம்

கார்ட்டூன் மாந்தர் வாழும் உலகு தட்டையானதா, அன்றி நம்முடையதைப் போல நீளம், அகலம், ஆழம் என்னும் முப்பரிமாணங் கொண்டதா? சிறுபிள்ளைத்தனமானதெனத் தோன்றும் இவ்வினா, கலைக்கும் வாழ்க்கைக்குமுள்ள உறவு பற்றிய வினாவேயாகும்.

படம் தட்டையானது; படம் காட்டும் உலகு தட்டையானதன்று. இதுவே பலரும் கூறும் விடை. மரத்தின் பின்னே ஓடி மறையும் முயல் இல்லாதொழிந்துவிட்டதென எக்குழந்தையும் எண்ணுவதில்லை. 1937இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்னோ வைட்’ படத்தில், கண்ணாடித் தகடுகளில் தீட்டிய காட்சிகளை இடைவெளிவிட்டு ஒன்றன்கீழ் ஒன்றாய் அடுக்கி, மேலிருந்து கமராவாற் படம்பிடித்தனர். காட்டிற்கு ஆழம் வந்தது. சக் ஜோன்ஸ் 1949இல் இயக்கிய ‘ரோட் ரன்னர்’ படமோ இன்னுஞ் சுவையானது. பறவையை ஏமாற்றப் பாறையிலே சுரங்கப்பாதையொன்றைத் தீட்டி வைக்கிறது ஓநாய் போன்றதொரு விலங்கு. பறவை அதனூடே ஓடிவிடுகிறது. பின்தொடர்ந்த ஓவியனோ பாறையில் மோதி விழுகிறான்! அவ்வுலகிலும் பொருள் வேறு, பொருளின் படம் வேறு என்னும் நியதி இருந்தாலன்றி நமக்குச் சிரிப்பு வராது.

ஆயினும் இவ்விடை முழுமையானதன்று. மிக்கி எலியின் காதுகளை நோக்குக. தலை எப்பக்கந் திரும்பினும் அவை இரு முழுவட்டங்களாகவே நிற்கின்றன. அத்தலையைக் களிமண்ணிற் செய்ய முனையும் குயவன் திகைத்தே போவான். அப்படியாயின் அவ்வுலகின் ஆழம் இயற்கையாய் அமைந்ததன்று. வரைபவன் வேண்டுமிடத்து வழங்குவது, வேண்டாவிடத்து மறுப்பது. எவருக்கு வழங்கினான், எவருக்கு மறுத்தான் என்று நாம் கேட்டாக வேண்டும். இங்கே கேள்வி வடிவகணிதத்தை விட்டு அறத்தின்பாற் செல்கின்றது.

1941இல் வெளிவந்த ‘டம்போ’ படத்தில், சங்கிலியிற் பிணிக்கப்பட்ட தாய் யானை கம்பிகளுக்கு வெளியே துதிக்கையை நீட்டிக் குட்டியைத் தாலாட்டுகிறது. கல்நெஞ்சமும் கரையும் காட்சி அது. அதே படத்தில், நள்ளிரவு மழையிற் சர்க்கஸ் கூடாரம் எழுப்பப்படுகிறது. எழுப்புவோர் கறுப்பினத் தொழிலாளர். அவர்களுக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை, முகமே வரையப்படவில்லை. இருளும் மழையும் காரணமென்று சமாதானம் சொல்வதற்கில்லை. அதே இருளில், அதே மழையில் அவர்களோடு வேலை செய்யும் யானைகளுக்கு முகம் உண்டு. விலங்குக்குக் கிடைத்த ஆழம் உழைக்கும் மனிதனுக்குக் கிடைக்கவில்லை. கலைஞனின் கைத்திறன் குறைந்ததனால் நேர்ந்ததன்று இது. அமெரிக்கச் சமுதாயம் அம்மனிதரை எவ்வாறு பார்த்துப் பழகியிருந்ததோ, அவ்வாறே தூரிகையும் பார்த்தது.

அப்படத்தை வரைந்த நிறுவனத்திலேயே அவ்வாண்டு மே மாதம் ஓவியர் பலர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர் என்பதையும் இங்கு மறத்தலாகாது. ஆளுக்கு அசைவும் காட்டிற்கு ஆழமும் தந்த கைகள் அவர்களுடையவை. ஒக்டோபரில் திரைக்கு வந்த படத்திலே, முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்கத் துணியும் கோமாளிகள் வருகின்றனர். குடித்துக் கும்மாளமிடும் அவர்களை நாம் நேரிற் காண்பதில்லை. கூடாரத் துணியில் விழும் நிழல்களாகவே காண்கின்றோம்.