இனிஷியல் இல்லாத திருத்தம்

1957இல் வெளிவந்த 'மைதாலஜீஸ்' நூலில் பொம்மைகளைப் பற்றி ரோலான் பார்த் ஒரு சிறு கட்டுரை சேர்த்திருக்கிறார். பெரியவர்களின் உலகத்தைச் சுருக்கித் தரும் பொம்மை, குழந்தையை உபயோகிப்பவனாக ஆக்குகிறதே தவிர சிருஷ்டிப்பவனாக ஆக்குவதில்லை என்பது அவர் கட்சி. அடுக்கி விளையாடும் கட்டைகளுக்கு மட்டும் விலக்கு. இந்தப் பாகுபாடு எனக்கு வெகுநாள் சரியாகவே பட்டது. என் அக்கா மகன் (13 வயது) இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு ரேடியோ கன்ட்ரோல் காரைப் பூட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு, விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்று தோன்றுகிறது.

கார், டாமியாவின் 'கிராஸ்ஹாப்பர்'. ஜப்பானில் ஷிஸுவோகா நகரில் 1946இல் மர அறுவை ஆலையாகத் தொடங்கிய கம்பெனி அது. மரத்தில் மாதிரிகள் செய்து விற்றுப் பின்னால் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அவர்களுடைய முதல் ரேடியோ கார், போர்ஷே 934, 1976இல் வந்தது. கிராஸ்ஹாப்பர் 1984இல் வந்து, 2005இல் மறுபடியும் வெளியாயிற்று. 1980களில் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்து ஏங்கியவர் எங்கள் அத்தான். மகனுக்கு என்று சொல்லித்தான் வாங்கினார்.

பெட்டியைத் திறந்தால் கார் இல்லை. சட்டகங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணிட்ட பிளாஸ்டிக் துண்டுகள், பை பையாக ஸ்க்ரூக்கள், பல்சக்கரங்கள், கிரீஸ், ஒரு கையேடு. ஒவ்வொரு கட்டத்துக்கும் வேண்டிய ஸ்க்ரூவை அதன் நிஜ அளவிலேயே கையேட்டில் வரைந்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் ஸ்க்ரூவைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். சொன்னதைச் சொன்னபடி செய்வது எப்படிச் சிருஷ்டியாகும் என்று பார்த் தரப்பிலிருந்து கேட்கலாம். ஆனால் கீர்த்தனை பாடுகிறவனை உபயோகிப்பவன் என்று நாம் யாரும் சொல்வதில்லையே. பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை எந்தக் கையேடும் சொல்லித் தர முடியாது. ஒரு சுற்று கூடினால் மரை போய்விடும். அது விரலுக்கு மட்டும் தெரிகிற அறிவு. பின்சக்கரங்களின் டிஃபரன்ஷியலைப் பூட்டிய அன்று, ஒரு சக்கரத்தைக் கையால் முன்னுக்குச் சுற்ற மற்றது பின்னுக்குச் சுற்றியது. பையன் பத்து நிமிஷம் அதையே செய்துகொண்டிருந்தான். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், அதற்குத்தான் இது என்று பிறகு எனக்கு விளக்கினான். நான் பி.ஏ. ஆங்கிலம். பஸ்ஸில் இத்தனை வருஷம் போயும் இது எனக்குத் தெரியாது.

தவறு ஸ்டியரிங்கில் நேர்ந்தது. முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோவை, ரேடியோவைப் போட்டு நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகே அதன் கையைப் பொருத்த வேண்டும். பையன் அவசரத்தில் அந்த வரியைத் தாண்டிவிட்டான். ஒரு சனிக்கிழமை இரவு அவன் தூங்கிய பிறகு நான் காரைப் போட்டுப் பார்த்தேன். சக்கரங்கள் இடப்பக்கம் கோணி நின்றன, டிரான்ஸ்மிட்டரில் உள்ள குமிழால் சரிசெய்யக்கூடிய அளவைத் தாண்டி. மறுநாள் காலை மைதானத்துக்கு அவன் சிநேகிதர்கள் வருவதாக இருந்தது. வீட்டுத் திருப்புளியை எடுத்துக் கழற்றி, நேராக்கி, மறுபடி பூட்டினேன்.

வங்கியில் ஒரு பதிவைத் திருத்தினால் பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும். தொகை சரியாக இருந்தாலும் இனிஷியல் இல்லாத திருத்தம் எங்களுக்குக் குற்றம்தான். பதினொரு வருஷமாக இதை மற்றவர்களுக்குச் சொல்லிவருகிறவன் நான். அன்றிரவு செய்ததை அன்பு என்று சொல்லிக்கொள்ளலாம். பையன் நாலு பேர் முன்னால் அவமானப்படக்கூடாது என்று நினைத்தது உண்மை. ஆனால் கோணலாக ஓடும் காரும் அவனுடையதுதான். ஏன் கோணிற்று என்று கண்டுபிடிக்கும் அந்த ஒரு மணி நேரமும் அவனுடையதுதான். அதை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரமாக அவன் முகத்தில் பார்த்துவந்த ஏதோ ஒன்றில் எனக்கும் பங்கு வேண்டியிருந்ததோ என்ற சந்தேகம் போகவில்லை. நேர்மையைப் பற்றி எழுதுவது சுலபம், அதுவும் விமர்சனத்தில்.

கார் நேராக ஓடிற்று. "நானே செஞ்சது" என்று எல்லாரிடமும் சொன்னான். நான் கைதட்டினேன்.

ஒரு வாரம் கழித்து மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவன், "மாமா, இந்த ஸ்க்ரூவை யாரோ வேற திருப்புளியால கழட்டியிருக்காங்க" என்றான். ஜப்பானிய ஸ்க்ரூவின் தலையில் இருக்கும் சிலுவைக் குழி பார்வைக்கு நம்முடையது போலத்தான் இருக்கும். அளவில் ஒரு மயிரிழை வித்தியாசம். நம் திருப்புளி அதில் வழுக்கித் தலையைக் கடித்துவிடும். அவனிடம் அதற்கென்றே வாங்கிய திருப்புளி இருந்தது. எனக்கு அது தெரியாது.

நான்தான் என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த ஸ்க்ரூவையே பார்த்தான். பிறகு கையேட்டைத் தேடி எடுத்து, அந்தக் கட்டத்தை விரித்து வைத்துக்கொண்டு, காரைக் கழற்ற ஆரம்பித்தான்.