மரியாதையே தானத்தின் உயிர்

தானம் செய்வது எல்லோராலும் இயலும். அதை முறையறிந்து செய்வது சிலராலேயே இயலும். பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் பகவான் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறார். கடமையென்று உணர்ந்து, உரிய இடத்தில், உரிய காலத்தில், தகுதியுடையவருக்குக் கைம்மாறு கருதாமல் அளிப்பது சாத்விக தானம். மரியாதையின்றி, இகழ்ச்சியுடன் அளிப்பது தாமஸ தானம். பொருள் ஒன்றாகவே இருக்கலாம். அளிப்பவரின் மனநிலை அதன் தன்மையையே மாற்றிவிடுகிறது.

இதற்கு ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் வரலாறு சான்றாக நிற்கிறது. 'நன்மை செய்கிறோம்' என்ற பெயரிலேயே அங்கு 1970-கள் வரை பல குழந்தைகள் தாயின் மடியிலிருந்து பிரித்துக் கொண்டுசெல்லப்பட்டனர். அந்தத் தாய்மாரின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. 2008-ல் அந்நாட்டின் பிரதமர் நாடாளுமன்றத்தில் இதற்காக மன்னிப்புக் கோரினார். மரியாதையற்ற உதவி எத்தகைய புண்ணை உண்டாக்கும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

அதே நாட்டின் வடகோடியில், ஆர்னெம் நிலப்பகுதியின் கடற்கரையில் மானிங்ரிடா என்னும் ஊர் உள்ளது. டார்வின் நகரிலிருந்து சாலை வழியே சுமார் 500 கிலோமீட்டர். மழைக்காலத்தில் அச்சாலையும் துண்டிக்கப்பட்டுவிடும். இங்கு 1980-களில், வீட்டில் துன்புற்ற பெண்களுக்கான புகலிடமாகத் தோன்றியது பாபர்ரா மகளிர் மையம். அடைக்கலம் தேடி வந்த பெண்களுக்குச் சோறும் கூரையும் மட்டும் போதவில்லை. சொந்தக் காலில் நிற்க ஒரு தொழிலும் தேவைப்பட்டது. தம் முன்னோர் கதைகளையும் நிலத்தின் செடிகொடிகளையும் அவர்கள் துணியில் அச்சிடத் தொடங்கினர். 2019-ல் அத்துணிகள் பாரிஸ் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இம்மையம் பொதுச் சலவைக்கூடம் ஒன்றையும் நடத்தி வந்திருக்கிறது. இது அற்பமான பணியன்று. நெரிசலான வீடுகளில் பரவும் தோல்தொற்று, காலப்போக்கில் பிள்ளைகளின் இதய வால்வுகளையே சிதைக்கக்கூடும். அத்தகைய இதயநோய் மிகுந்த பகுதி அது. துவைத்து உலர்த்திய போர்வையும் அங்கு ஒரு குழந்தையின் இதயத்திற்குக் காவலாகிறது.

ஆனால் இத்தகைய மையங்களை ஆதரிப்போர் சறுக்கும் இடமும் இதுவே. பெயர் பொறித்த கட்டடத்திற்கு நன்கொடை தரப் பலர் முன்வருவர். பழுதான சலவை இயந்திரத்தைச் சீர்செய்யவும், மின்கட்டணம் செலுத்தவும், பணிபுரியும் பெண்ணுக்கு மாதந்தோறும் ஊதியம் தரவும் முன்வருவோர் மிகச் சிலரே. தன் பெயர் விளங்கத் தருவது ராஜஸம். அவர்களுடைய தேவை நிறைவேறத் தருவதே சாத்விகம்.

பெறுபவரே கொடுப்பவருக்குப் பேருதவி செய்கிறார் என்பது சுவாமி விவேகானந்தர் வற்புறுத்திய உண்மை. வனங்களிலும் மலைகளிலும் வாழும் சகோதரிகளுக்குத் தொண்டு செய்ய விழையும் அன்பர்கள், முதலில் அவர்களுடைய திண்ணையில் அமர்ந்து, அவர்கள் சொல்வதைச் செவிமடுக்க வேண்டும். எது தேவை என்பதை அப்பெண்களே தீர்மானிக்கட்டும். தொண்டர் அவர்களுக்குப் பின்னால் நிற்கட்டும். அவ்வாறு பணிந்து அளிக்கும் பிடி அரிசியும் பகவானின் திருவடியைச் சென்றடையும்.