யாத்திரையும் இரு முட்டைகளும்



2018 பிப்ரவரியில் சிரவணபெளகொளத்தில் பகவான் பாகுபலிக்கு மகாமஸ்தகாபிஷேகம் நடைபெற்றபோது, திருவேற்காட்டில் வாழும் நம் அன்பர் குடும்பமொன்று யாத்திரைக்குப் புறப்பட்டது. வேணூர், கார்க்களம், மூடபித்ரி ஆகிய தலங்களையும் தரிசித்துத் திரும்ப மூன்று வாரம் ஆகும். வீடு பூட்டியிருக்கும் நாட்களிலேயே வெள்ளையடித்து முடிக்குமாறு ஆளிடமும் சொல்லியாயிற்று. அதற்காகப் பீரோவை நகர்த்தியபோது, சுவர் மூலையில் இரண்டு பல்லி முட்டைகள் வெண்முத்தெனக் கிடந்தன. துடைப்பத்தால் ஒதுக்கிவிடலாமா என்று வீட்டுப் பெரியவர் நம்மிடம் வினவினார். வினவினாரே என்பது நமக்கு மகிழ்ச்சி. கேளாமலே ஒதுக்கிய நாட்கள் நமக்கும் உண்டு.

கருவில் பிறப்பனவற்றை மூவகையாக்கும் தத்துவார்த்த சூத்திரம், முட்டையில் பிறப்பனவற்றையும் அவற்றுள் ஒன்றாகவே எண்ணுகிறது. ஆகவே ஓட்டுக்குள் இருப்பது ஓர் ஐம்பொறி உயிர். நாம் ஊரில் இல்லாதபோது வெள்ளையடிப்பவர் தெரியாமல் நசுக்கினால் அப்பாவம் யாருடையது? தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை வந்து சேரும் என்பது நம் ஆகமம். வேலையை ஏவியவர் நாம். ரயில் ஏறிவிட்டதனால் அக்கணக்கு முடிந்துவிடாது. மேலும், கொலைக்கு வேர் பிரமாதம் என்பர் ஆசாரியர். பேச்சு வழக்கில் அச்சொல் சிறப்பைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ஆகமத்திலோ அது சோர்வும் அசட்டையுமாகும்.

பல்லி பூச்சியைத் தின்னும் உயிராயிற்றே, அதைக் காப்பது பூச்சிகளுக்குக் கேடன்றோ என்று இளைஞர் சிலர் கேட்பர். ஓர் உயிரைக் கொன்றால் பல உயிர் பிழைக்குமென்று கருதிக் கொல்லலாகாது என அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் தெளிவாகவே மறுத்துள்ளார். பல்லியின் உணவு அதன் வினைவழிப்பட்டது; நம் கை செய்வதே நம் பொறுப்பு.

சரி, ஏற்பாடு என்ன? இங்கேதான் அன்புள்ளவர்களும் தவறுகிறார்கள். பஞ்சு வைத்த டப்பாவில் எடுத்து வைப்பது வேண்டாம். பல்லி முட்டையைப் புரட்டினால், ஓட்டின் உட்புறம் ஒட்டி வளரும் கரு அழிந்துபோகக் கூடும். கோழியைப் போல் தாய்ப்பல்லி அடைகாப்பதுமில்லை. அறையின் வெம்மையே போதும். இட்ட நாளிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மாதத்தில் குஞ்சு வெளிவரும். பின்பு தன் இரையைத் தானே தேடும். எனவே செய்ய வேண்டியவற்றைவிடச் செய்யாது விட வேண்டியவையே மிகுதி. வெள்ளையடிப்பைத் தள்ளிப்போடும்படி சொன்னோம். முன்பணம் கொடுத்தாயிற்றே என்று பெரியவர் சற்றுத் தயங்கினார், பின்பு இசைந்தார். அந்துருண்டையும் கரப்பான் மருந்தும் அவ்வறையில் வைக்கவில்லை. குஞ்சு வெளியேற வழியாகப் பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினார்கள். சாவியைப் பக்கத்து வீட்டு அம்மையாரிடம் தந்து, பெருக்கும்போது அம்மூலையை விட்டுவிடுமாறு நேரிலேயே சொன்னார்கள். நாள்தோறும் கருமாரியம்மன் கோயிலுக்குச் செல்லும் அந்த அம்மையார், "பல்லிக்கா இத்தனை?" என்று சிரித்தாராம். ஆயினும் துடைப்பத்தை அப்பக்கம் கொண்டுசெல்லவில்லை.

பல்லியை விரட்டுவதற்கென்று சுவரில் மயிலிறகு செருகும் வழக்கம் நம் இல்லங்கள் சிலவற்றிலும் புகுந்துவிட்டது. அதே மயிற்பீலியைத்தான் நம் முனிவர்கள் சிற்றுயிர்களை நோகாமல் விலக்குதற்குக் கையில் ஏந்துகிறார்கள்! இதை எண்ணும்போது நமக்கு நாணமாக இருக்கிறது.

விந்தியகிரியின்மேல் 57 அடி உயர்ந்து நிற்கும் பாகுபலியின் காலடியைப் பார்த்தோர் அறிவர். அங்கே புற்றும், புற்றிலிருந்து தலைநீட்டும் பாம்புகளும், தொடையைத் தழுவி ஏறும் கொடியும் கல்லில் வடிக்கப்பட்டுள்ளன. பகவான் அவற்றில் ஒன்றையும் உதறவில்லை. அவ்வடிகளைத் தொழச் செல்லும் அவசரத்தில் வீட்டு மூலையைத் துடைத்துவிட்டுப் போவது எப்படிப் பொருந்தும்?

மூன்று வாரம் கழித்து அன்பரிடமிருந்து மடல் வந்தது. ஒரு முட்டை பிளந்து ஓடாய்க் கிடக்கிறதாம். ஈர்க்குப் போன்ற வாலுடன் குட்டியொன்று ஜன்னல் சட்டத்தில் ஓடுகிறதாம். மற்றது இன்னும் அப்படியே இருப்பதால், வெள்ளையடிப்பவரை அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.