கையெழுத்தும் ஒரு சாட்சியமே!

செஞ்சிக்கு வருவோர் யாவரும் ராஜகிரியின் உச்சியை அண்ணாந்து பார்க்கிறார்கள். கோட்டைக்குள் 1717-18-ஆம் ஆண்டுகளில் எழுந்த சஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசலைக் காண்கிறார்கள். கல்யாண மஹாலின் அடுக்குகளை எண்ணி வியக்கிறார்கள். ஆனால், கோட்டைக்கு வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து மண்குழாய் பதித்து அந்த மஹாலுக்குத் தண்ணீர் கொண்டு வந்தார்களே, அந்தக் குழாயைப் பதித்தவனைப் பற்றி யார் கேட்கிறார்கள்? மண்ணுக்குள் மறைந்துபோன வேலை அது. ஒரு மூட்டைச் சரியாகப் பூசாமல் மண்ணைத் தள்ளி மூடியிருந்தால் அன்று எவருக்கும் தெரிந்திராது. அவனுக்குத் தெரியும், அவனைப் படைத்தவனுக்குத் தெரியும்.

யாரும் பார்க்காத வேலையில் நேர்மை எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியை என் நெஞ்சில் போட்டவன் என் அக்காள் மகன்.

அவன் ஐ.டி.ஐ. படித்தவன். வேறு மாநிலத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பராமரிப்பு எலக்ட்ரீஷியனாக ஒப்பந்த வேலை பார்க்கிறான். நோன்புப் பெருநாள் விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது, அஸர் தொழுகை முடிந்து ஹவுள் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். திடீரென்று கேட்டான்:

“மாமா, நான் வாங்குகிற சம்பளம் ஹலால்தானா?”

வட்டியா, லஞ்சமா என்று என் மனம் எங்கெங்கோ ஓடிற்று. அவன் சொன்னதோ வேறு.

பல்கலைக்கழகம் என்றால் அது ஒரு சிற்றூர். 11,000 வோல்ட்டில் வரும் மின்சாரம் டிரான்ஸ்பார்மரில் இறங்கி, 230 வோல்ட்டாக வகுப்பறை, ஆய்வுக்கூடம், விடுதி என்று பிரிகிறது. விளக்கு எரியாவிட்டால் உடனே புகார் வரும். மின்விசிறி நின்றால் நள்ளிரவிலும் கதவைத் தட்டுவார்கள். ஆனால் எர்த் கம்பி அறுந்து கிடந்தால் ஒரு புகாரும் வராது. ஏனெனில் நல்ல நாளில் அந்தக் கம்பிக்கு வேலையே இல்லை. ஒரு மோட்டாரின் உள்ளே காப்பு கெட்டு, அதன் இரும்பு உடம்பில் மின்சாரம் ஏறுகிற அந்த ஒரு நாளுக்காகத்தான் அது காத்திருக்கிறது. அன்று அது சரியாக இருந்தால் மின்சாரம் மண்ணுக்குப் பாயும், ஃபியூஸ் போகும், மனிதன் பிழைப்பான். இல்லையேல் அந்த இரும்பு ஒரு மனிதனின் கைக்காகக் காத்திருக்கும்.

“ஃபியூஸ் இருக்கிறதே?” என்றேன்.

“ஃபியூஸ் கம்பியைக் காப்பாற்றத்தான் மாமா, மனுஷனைக் காப்பாற்ற இல்லை. 15 ஆம்பியர் ஃபியூஸ் அதற்கு மேலே போனால்தான் உருகும். மனுஷனுக்கு 30 மில்லி ஆம்பியரே ஆபத்து. ஐந்நூறில் ஒரு பங்கு!”

விடுதியின் எர்த் குழிகளைக் குறித்த தவணையில் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தத் தவணையில் சோதிக்கும் கருவி பழுதாகிக் கிடந்தது. மேற்பார்வையாளர், “போன தடவை எழுதினதையே எழுதிக் கையெழுத்துப் போடு. மண் எங்கே ஓடிப்போகப் போகுது?” என்றாராம். இவனும் போட்டான். கோடை வந்தது, மண் காய்ந்தது. ஒருநாள் விடுதியில் தண்ணீர் குளிர்விக்கும் பெட்டியைத் தொட்ட மாணவன் தூக்கி எறியப்பட்டான். இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்து உயிர் தப்பினான், அல்ஹம்துலில்லாஹ்! குழியைத் திறந்து பார்த்தால் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது. பதிவேட்டிலோ ‘நன்று’ என்று இவன் கையெழுத்து!

“யாரும் என்னைத் திட்டவில்லை மாமா. அந்தப் பையன் திரும்பி வந்து, ‘அண்ணே, நீங்கதான் சரி பண்ணினீங்களாமே, ரொம்ப நன்றி’ என்றான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.”

வாசகர்களே! இவன் திருடவில்லை. வேலைக்கு ஒருநாளும் மட்டம் போட்டதில்லை. மேலதிகாரி சொன்னதைச் செய்தான். பின் குற்றம் எங்கே இருக்கிறது?

பெரும்பாவங்களை எண்ணிச் சொன்ன அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அதுவரை சாய்ந்திருந்தவர்கள், பொய்ச் சாட்சியத்தைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, அதையே திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள் என்று ஹதீஸில் படிக்கிறோம். நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சொல்வது மட்டுந்தான் சாட்சியம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ‘நான் பார்த்தேன், இது சரியாக இருக்கிறது’ என்று பதிவேட்டில் இடும் கையெழுத்து சாட்சியம் அன்றி வேறென்ன? அளவையில் குறைப்போரைத் திருமறையின் ‘அல்முதஃப்பிஃபீன்’ அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. கடைக்காரருக்குத் தராசு எதுவோ, எலக்ட்ரீஷியனுக்கு அந்தக் கருவி அதுவே. நிறுக்காமலே நிறுத்ததாகச் சொல்வது என்ன நியாயம்?

“நான் போடாவிட்டால் இன்னொருவன் போட்டிருப்பான். கம்பி அப்போதும் அறுந்துதானே கிடந்திருக்கும்?” என்றான் அவன். நியாயமான கேள்விதான். நானும் சற்று நேரம் யோசித்தேன்.

இன்னொருவன் போட்டிருந்தால் அது அவன் கணக்கு. படைத்தவனுக்கு மாறுசெய்யும் விஷயத்தில் படைப்புகளுக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்பது நம் மார்க்கம். அது மட்டுமன்று. பதிவேட்டில் ‘சோதிக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் அந்த இடம் பின்னால் வருகிறவனை உறுத்தும். ‘போய்ப் பார்’ என்று சொல்லும். ‘நன்று’ என்ற பொய்யோ, பார்க்க வருகிறவனையும் திருப்பி அனுப்பிவிடும். எழுதாத இடம் ஒரு குறை. பொய்யாக எழுதிய இடம், குறையைத் தேடும் வழியையே அடைத்துவிடும் பூட்டு. இதுதான் வேறுபாடு.

சம்பளம் முழுவதும் ஹராமா என்ற சட்டத் தீர்ப்பை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். ஆனால் தவ்பாவின் வழி தெளிவானது: செய்ததற்கு வருந்துவது, விட்டுவிடுவது, இனிச் செய்வதில்லை என உறுதி கொள்வது. அடியானுக்குச் செய்த தீங்கென்றால் அவனிடமும் மன்னிப்புக் கேட்பது.

பழியை எல்லாம் அவன் தலையில் கட்டுவதும் நீதியாகாது. கருவியைக் கொடுக்காமல் கையெழுத்தை மட்டும் கேட்பவன், அமானத்தில் மோசடி செய்யுமாறு பிறரைத் தள்ளுகிறான். ஒப்பந்தத் தொழிலாளியின் வயிற்றைக் காட்டிப் பயமுறுத்தி வாங்கிய கையெழுத்துக்கு, பயமுறுத்தியவனும் மஹ்ஷரில் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை ஒடித்துவிட்டுச் செருகுகிறோம். “எர்த் எதற்குப்பா, வீண் செலவு” என்று வயர்மேனிடம் பேரம் பேசுகிறோம். செஞ்சியைப் போன்ற பாறை மண்ணில் எர்த் எளிதில் கிடைக்காது. ஆழமாகத் தோண்டிக் கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். மின்கசிவைக் கண்டு 30 மில்லி ஆம்பியரில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி இன்று கடைகளில் கிடைக்கிறது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். உறங்கப் போகுமுன் விளக்கை அணைத்துவிடுங்கள், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று எச்சரித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். எண்ணெய் விளக்கின் திரிக்கே அத்தனை கவனம் என்றால், சுவருக்குள் ஓடும் 230 வோல்ட்டுக்கு எத்தனை கவனம் வேண்டும்!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாத தொழில்களைப் பர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள். விவசாயமும் நெசவும் அப்படியென்றால், பிறர் வீட்டுப் பிள்ளைகள் ஆயிரம் பேர் உறங்கும் விடுதியின் மின்கம்பியைக் காப்பதும் அவ்வாறே அன்றோ! அல்லாஹ் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற உணர்வோடு வணங்குவதே இஹ்ஸான். அந்த உணர்வு தொழுகைப் பாயோடு சுருட்டி வைக்கப்படுவதற்கன்று. எர்த் குழியின் ஓரத்திலும் அது வேண்டும்.

விடுமுறை முடிந்து போனவன் முதலில் அந்த மாணவனைத் தேடிச் சென்று உண்மையைச் சொன்னான். பையன் சற்று நேரம் பேசவில்லையாம்; பிறகு கையைப் பிடித்துக்கொண்டானாம். அடுத்த தவணையில் பதிவேட்டில், ‘கருவி இல்லை, சோதிக்கவில்லை’ என்று எழுதினான். மேற்பார்வையாளர் கோபித்தார். ஆனால் பத்து நாளில் கருவி பழுது பார்க்கப்பட்டு வந்துவிட்டது. சோதித்ததில் மேலும் இரண்டு குழிகள் கெட்டிருந்தன. அவனுடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பார்களா என்பது இன்னும் தெரியவில்லை. “ரிஸ்கைக் கொடுக்கிறவன் அல்லாஹ். இப்போது தூக்கம் வருகிறது மாமா” என்று தொலைபேசியில் சொன்னான்.

நம் கையால் எழுதுவதும் நாவால் சொல்வதும் நாளை நமக்கு எதிராக நில்லாமல், நமக்காகப் பேசும்படி வல்ல அல்லாஹ் அருள் செய்வானாக! ஆமீன்.